சேலரிக்குள்ள உப்பு இருக்கு, ஆனா சம்பளமா உப்பு குடுத்தாங்களா?

நான் பேரோல் பாக்குறவன். மாசக் கடைசியில எல்லாரும் என்னைத் தேடுவாங்க, மத்த நாள்ல யாருக்கும் என் ஞாபகமே வராது. போன மாசம் புதுசா சேர்ந்த பசங்களுக்கு ஒரு டிரெய்னிங் வச்சாங்க, பிஎஃப் ஈஎஸ்ஐ பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு என்னையும் கூப்பிட்டாங்க. எனக்கு முன்னாடி பேசினவர் முதல் ஸ்லைடுலயே ஒரு ரோமானியச் சிப்பாய் படம் போட்டு, பக்கத்துல ஒரு உப்பு மூட்டையும் போட்டு, "சேலரிங்கிற வார்த்தையே சால்ட்ல இருந்து வந்ததுதான், அந்தக் காலத்துல ரோம்ல சோல்ஜர்ஸுக்கு உப்பைத்தான் சம்பளமா குடுத்தாங்க, உப்பு அப்ப தங்கம் மாதிரி"ன்னார். பசங்க எல்லாம் ஓன்னு வாயப் பொளந்தாங்க. கடைசி வரிசையில ஒரு பொண்ணு மட்டும் "அப்ப வீட்டு வாடகைய எதுல சார் குடுத்தாங்க?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சிரிச்சுட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டார்.

சிரிக்கிற கேள்வி இல்ல அது. அந்த ஸ்லைடுல சொன்னது பாதி உண்மை, பாதி கதை, அந்த ரெண்டும் எந்த இடத்துல ஒட்டியிருக்குன்னு பாத்தா ஒரு வார்த்தை எப்படிப் பொறக்குது எப்படி ஊர் ஊரா நடக்குதுன்னே புரிஞ்சுடும். மொழியியல் படிச்சிருக்கணும்னு அவசியமில்ல, சம்பளம் வாங்கியிருந்தா போதும்.

புளியமரம் இல்லாத புளியமரம் ஸ்டாப்

எங்க ஏரியாவுல ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் பேரு புளியமரம். மரம் போயி ரொம்ப வருஷமாச்சு, இப்ப அங்க ஒரு செல்போன் கடையும் ஒரு ஏடிஎம்மும்தான் இருக்கு, ஆனா கண்டக்டர் இன்னும் "புளியமரம்லாம் எறங்கு"ன்னுதான் கத்துவார். இந்தப் பேரை வச்சு நாம என்ன சொல்லலாம்? ஒரு காலத்துல இங்க புளியமரம் இருந்துச்சுன்னு சொல்லலாம். பஸ் டிக்கெட்டுக்குப் புளி குடுத்தாங்கன்னு சொல்ல முடியுமா?

ஒரு வார்த்தை எங்கருந்து வந்துச்சு, முன்னாடி எந்த உருவத்துல இருந்துச்சு, என்ன அர்த்தத்துல இருந்துச்சுன்னு தேடிப் போறதுக்குப் பேரு சொற்பிறப்பு. அது நமக்குக் காட்டுறது பேர் வச்ச நேரத்துல எது கண்ணு முன்னாடி இருந்துச்சுங்கிறதை. அந்த ஊர்க்காரங்க எப்படி வாழ்ந்தாங்க, எதுல கூலி வாங்கினாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னா வேற ஆதாரம் வேணும், கணக்கு நோட்டு, கடுதாசி, கல்வெட்டு இப்படி ஏதாவது. ஸ்லைடு போட்டவர் பேரைப் பாத்தே வாழ்க்கையை எழுதிட்டார், அங்கதான் வண்டி தடம் மாறிப் போச்சு.

சேலரியப் பிரிச்சா

இங்கிலீஷ்ல சேலரி, பிரெஞ்சுல சலேர், ரெண்டுக்கும் அப்பன் லத்தீன்ல ஸலாரியம். இந்த ஸலாரியத்துல ரெண்டு துண்டு இருக்கு. முதல் துண்டு ஸால், லத்தீன்ல உப்பு. இதுதான் வேர், அதாவது மேல என்ன ஒட்டினாலும் உள்ள மாறாம கெடக்குற அடிச்சொல். ரெண்டாவது துண்டு ஆரியம், நம்ம ஊர் ஆரியம் திராவிடம் சண்டைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இது வெறும் விகுதி, தனியா நின்னா அர்த்தம் இல்லாம வேரோட பின்னாடி ஒட்டிக்கிட்டு புதுச் சொல்லு பண்ணிக் குடுக்குற வால். அக்வேரியம்னு சொல்றோமே, அக்வான்னா தண்ணி, தண்ணி சம்பந்தப்பட்டது அக்வேரியம். கெஸ்ட் லெக்சரர் வந்தா கவர்ல போட்டுக் குடுக்குறோமே ஹானரேரியம், அதுலயும் இதே வால்தான், மரியாதைக்காகக் குடுக்குற பணம்.

அப்ப ஸலாரியம்னா நேர் அர்த்தம் உப்பு சம்பந்தப்பட்டது, அவ்வளவுதான். உப்பே குடுத்தாங்களா, உப்பு வாங்கக் காசு குடுத்தாங்களா, உப்பு வியாபாரத்துல வந்த காசா, எதுவும் அந்த வார்த்தைக்குள்ள எழுதியிருக்காது. ரோம்ல இருந்து வடகிழக்கால சபைன் மக்கள் இருந்த மலைப்பக்கம் போற பழைய ரோட்டுக்கும் இதே மாதிரி ஒரு பேருதான், வியா ஸலாரியா, உப்பு ரோடு. கடல் பக்கத்துல இருந்து உப்பு அந்த வழியாப் போச்சுன்னு அர்த்தம். ரோட்டை உப்புல போட்டாங்கன்னு யாரும் ஃபார்வர்டு அனுப்பல, அதுவரைக்கும் சந்தோஷம்.

இதுவரைக்கும் வந்தது: சேலரிக்குள்ள உப்பு இருக்குங்கிறது நிஜம். எப்படி உள்ள வந்துச்சுங்கிறது வார்த்தையப் பிரிச்சு மட்டும் பாத்தா தெரியாது.

செருப்புக் காசு, ஆணிக் காசு, உப்புக் காசு

எனக்கு இந்த விஷயம் பிடிபட்டதே என் வேலையாலதான். பழைய ஃபேக்டரி பேஸ்லிப் ஒண்ணு எடுத்துப் பாருங்க. பேசிக், டிஏ, ஹெச்ஆர்ஏ, கன்வேயன்ஸ், அதுக்குக் கீழ சில இடத்துல வாஷிங் அலவன்ஸ்னு ஒரு வரி இருக்கும். யூனிஃபார்ம் தொவைக்கிறதுக்காம். அதுல நூறோ நூத்தம்பதோ இருக்கும், அந்தக் காசுல யாராவது சோப்பு வாங்கினாங்களான்னு யாரும் கேட்கிறதில்ல, அது பேருதான் வாஷிங், மாசக் கடைசியில மளிகைக் கடைக்காரர் கைக்குத்தான் போகும். டிரைவருக்குப் பேட்டா குடுக்குறோம், "டீக்கு வச்சுக்கப்பா"ன்னு லோடு எறக்கினவருக்கு அம்பது ரூபா குடுக்குறோம், டீயா குடுக்குறோம்? அளக்குறதும் படிதான், பயணப்படி அகவிலைப்படின்னு நாம வாங்குறதும் படிதான், ஆனா அரிசிய அளந்து யாரும் கையில குடுக்கல.

ரோம்லயும் அச்சு அசலா இதேதான் நடந்துச்சு, அதே ஆரியம் வாலோட. கல்கியாரியம்னு ஒண்ணு, அது செருப்புக் காசு. வெஸ்பாசியன்னு ஒரு பேரரசர், கி.பி. 69ல இருந்து 79 வரைக்கும் ஆண்டவர், செலவு விஷயத்துல ரொம்ப கெட்டி. துறைமுகத்துல இருந்து ரோமுக்கு முறை வச்சு நடந்தே வந்து போற கப்பல் படை ஆளுங்க அவர்கிட்ட போயி எங்களுக்குச் செருப்புக் காசு ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு கேட்டாங்க. அவர் இனிமே வெறுங்காலோட ஓடுங்கடான்னு உத்தரவு போட்டுட்டார், அன்னையில இருந்து அப்படியே ஓடுறாங்கன்னு சுவெட்டோனியஸ்ங்கிற வரலாற்று ஆசிரியர் எழுதி வச்சிருக்கார். இன்க்ரிமென்ட் கேக்கப் போயி இருந்த கன்வேயன்ஸும் போன கதை எல்லா ஆபீஸ்லயும் உண்டு, ஆனா இது கொஞ்சம் ஓவர்.

அதே 69ஆம் வருஷத்துச் சண்டையில சிப்பாய்ங்க கிளவாரியம் கேட்டாங்கன்னு டாசிட்டஸ்ங்கிற இன்னொரு வரலாற்று ஆசிரியர் எழுதுறார். கிளவுஸ்னா ஆணி, ரோமானியச் சிப்பாயோட செருப்புக்கு அடியில லாடம் மாதிரி ஆணி அடிச்சிருக்கும், அது தேயும், அதுக்கான காசு. வார்த்தையச் சொல்லிட்டு டாசிட்டஸே இது ஒரு இனாமோட பேருன்னு பக்கத்துல விளக்கம் போடுறார், நாம யாராவது ஆணி மூட்டைன்னு நெனச்சுடக் கூடாதுன்னு அவருக்கே தோணியிருக்கு போல.

இன்னொண்ணு கொங்கியாரியம். கொங்கியுஸ்னா ஒரு அளவு, ஏறக்குறைய மூணேகால் லிட்டர், எண்ணெய் ஒயின் எல்லாம் அதுல அளப்பாங்க, நம்ம படி மாதிரின்னு வச்சுக்கங்க. மொதல்ல அந்த அளவுல எண்ணெய் குடுத்ததுக்குப் பேரு. பின்னாடி ரோம் ஜனங்களுக்குத் தலைக்கு 400 செஸ்டர்ஸ் காசு குடுத்ததையும் பேரரசர் ஆகஸ்டஸ் கொங்கியாரியம்னுதான் தன்னோட சாதனைப் பட்டியல்ல சொல்றார், எந்தத் தடவையும் 2,50,000 பேருக்குக் குறையலைன்னு பெருமையும் அடிச்சுக்கிறார். அளவு போயிடுச்சு எண்ணெய் போயிடுச்சு, பேரு மட்டும் நின்னுச்சு, உள்ள பணம்.

இந்த வரிசையில ஸலாரியத்தை வச்சுப் பாருங்க. செருப்புக் காசு, ஆணிக் காசு, படிக் காசு, உப்புக் காசு. அதுவும் ஒரு அலவன்ஸோட பேரு மாதிரிதான் இருக்கு, மூட்டையோட பேரு மாதிரி இல்ல. ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு எவனாவது நம்ம பேஸ்லிப்பைத் தோண்டி எடுத்து, 21ஆம் நூற்றாண்டுல தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குத் துணி சோப்பைத்தான் சம்பளமா குடுத்தாங்க, சோப்பு அப்ப தங்கம் மாதிரின்னு ஸ்லைடு போட்டா எப்படி இருக்கும், அதேதான் இது.

சிப்பாய் கையில உண்மையில என்ன விழுந்துச்சு

ரோமானியச் சிப்பாயோட சம்பளத்துக்கு லத்தீன்ல தனியா ஒரு பேரே இருக்கு, ஸ்டிபென்டியம், ரிசர்ச் ஸ்காலர் வாங்குற ஸ்டைபெண்ட் இதோட பேரன். ஸ்டிப்ஸ்னா சில்லறைக் காசு, பின்பகுதி எடை போடுறது, குடுக்குறதுங்கிற வினையில இருந்து வந்தது. உப்பு வாசனையே இல்ல. ஆகஸ்டஸ் காலத்துல ஒரு சாதாரண காலாட்படைச் சிப்பாய்க்கு வருஷத்துக்கு 225 டெனாரியஸ். டெனாரியஸ்ங்கிறது வெள்ளிக்காசு. பின்னாடி வந்த டொமிஷியன்ங்கிற பேரரசர் அதை 300 ஆக்கினார்.

கி.பி. 14ல ஆகஸ்டஸ் செத்ததும் வடக்கே பன்னோனியா எல்லையில இருந்த படை கலகம் பண்ணுச்சு. அதுக்குத் தலைமை தாங்கினவன் பேசின பேச்சை டாசிட்டஸ் குடுக்குறார்: எங்க உடம்புக்கும் உயிருக்கும் வெல ஒரு நாளைக்குப் பத்து ஆஸ், அதுலயே துணி, அதுலயே ஆயுதம், அதுலயே கூடாரம், அதுலயே மேலதிகாரி சென்சூரியன் அடிக்காம இருக்க அவனுக்கு லஞ்சம். ஆஸ்ங்கிறது சின்னச் செப்புக்காசு, 16 ஆஸ் ஒரு டெனாரியஸ். பத்தை 360ஆல பெருக்கி 16ஆல வகுத்துப் பாருங்க, சரியா 225 வரும். கணக்குப் பாக்குறவனுக்கு இந்த மாதிரி டேலி ஆனா தனி சந்தோஷம், மன்னிச்சுக்கங்க. அவன் சொன்ன பிடித்தம் எல்லாத்தையும் பாருங்க, காசுல வந்து காசுலயே போகுது, நம்ம பேஸ்லிப்போட வலது பக்கக் காலம் மாதிரி. கலகம் பண்றவன் ஒரு குறைய விட மாட்டான், உப்பா குடுத்து ஏமாத்துறாங்கன்னு இருந்தா அதைத்தான் மொதல்ல சொல்லியிருப்பான்.

உப்பு தங்கம் மாதிரிங்கிறதையும் பாத்துடலாம். கி.பி. 301ல டயோக்ளீஷியன்னு ஒரு பேரரசர் விலைவாசி ஏறுதுன்னு நாடு பூரா ஒரு உச்சவிலைப் பட்டியல் போட்டார், கல்லுல வெட்டி வச்சதால துண்டு துண்டா நமக்குக் கெடச்சிருக்கு. அதுல ஒரு பெரிய மோடியஸ் (இதுவும் ஒரு அளவுதான்) கோதுமைக்கு விலை 100 டெனாரியஸ், அதே அளவு உப்புக்கும் 100 டெனாரியஸ் (இந்த டெனாரியஸ் பழைய வெள்ளிக்காசு இல்ல, மதிப்பெல்லாம் கரைஞ்சு போனது, அதனால 225ஓட ஒப்பிட வேண்டாம்). விவசாயக் கூலிக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு போக 25. அந்த மோடியஸ் பன்னெண்டு லிட்டருக்கு மேல புடிக்கும். அப்ப உப்பா கூலி குடுத்தா ஒரு நாளைக்கு மூணு லிட்டர் உப்பு, மாசத்துக்குத் தொண்ணூறு லிட்டர். வீட்ட விட்டுட்டு ஆளு வெளிய படுக்கணும். டிரெய்னிங்ல அந்தப் பொண்ணு கேட்டது இதைத்தான்.

உப்பு இல்லாம யாராலயும் இருக்க முடியாது, மாட்டுக்கு வேணும், மீனுக்கு வேணும், கறி கெடாம இருக்க வேணும், அதனால அரசாங்கம் அதுல கைய வச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. கி.மு. 204ல உப்பு விலைய ஏத்திவிட்டாருன்னு மார்க்கஸ் லிவியஸ்ங்கிற அதிகாரிக்கு ஸாலினேட்டர், அதாவது உப்புக்காரர்னு ஜனங்க பட்டப்பேரே வச்சாங்க. ஆனா அவசியமான பொருள் வேற, அபூர்வமான பொருள் வேற. வெங்காயம் விலை ஏறினா ஆட்சியே ஆடுது, அதுக்காக வெங்காயம் தங்கமா?

ஒரு வரியில: சிப்பாய் வாங்கினது காசு, அதுக்குப் பேரு ஸ்டிபென்டியம், உப்பு விலை கோதுமை விலைதான்.

அப்ப ஸலாரியம் வாங்கினது யாரு

பெரிய ஆளுங்க. மாகாணத்தை ஆளப் போற கவர்னருக்குக் குடுக்குற பணம் ஸலாரியம். அக்ரிகோலான்னு ஒரு தளபதி, பிரிட்டன்ல நிறைய சண்டை ஜெயிச்சவர், அவருக்கு வழக்கமா குடுக்க வேண்டிய கவர்னர் ஸலாரியத்தை டொமிஷியன் குடுக்கலன்னு அவரோட மருமகன் எழுதி வச்சிருக்கார். அந்த மருமகன்தான் மேல சொன்ன டாசிட்டஸ், மாமனாருக்கு வர வேண்டிய பாக்கிய அவர் மறக்கவே இல்ல. பேரரசர் நீரோ, நொடிச்சுப் போன பெரிய குடும்பத்து செனட்டர்களுக்கு வருஷா வருஷம் ஸலாரியம் போட்டுக் குடுத்தார், சிலருக்கு 5,00,000 செஸ்டர்ஸ் வரைக்கும்.

எனக்குப் பிடிச்ச ஆதாரம் பேரரசர் டைபீரியஸ் பத்தினது. அவர் கூட ஊருக்கும் படையெடுப்புக்கும் போற ஆளுங்களுக்கு ஸலாரியம் குடுக்கவே மாட்டார், சாப்பாட்டுப் பொருள் மட்டும்தான்னு சுவெட்டோனியஸ் சொல்றார். நல்லா கவனிங்க, இங்க ஸலாரியம் ஒரு பக்கம், தின்னுற பொருள் இன்னொரு பக்கம். ஸலாரியம்னா உப்பு மூட்டையா இருந்தா இந்த வாக்கியத்துக்கே அர்த்தம் இல்ல. அப்பவே அது பணம்தான்.

சரி, உப்புக் கதைக்கு ஆதாரமே இல்லையா? ஒரே ஒரு வரி இருக்கு. மூத்த பிளினின்னு ஒருத்தர், கடற்படைத் தளபதி, கி.பி. 79ல வெசூவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப் போனவர், உலகத்துல இருக்குற எல்லாத்தையும் பத்தி 37 பாகத்துல ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதினார். அதுல 31ஆவது பாகத்துல உப்போட பெருமைய அடுக்கிக்கிட்டே வரும்போது, பதவிகள்லயும் படைச் சேவையிலயும்கூட உப்பு நுழைஞ்சிருக்கு, ஸலாரியம்ங்கிற பேரு அதுல இருந்துதான்னு போற போக்குல சொல்லிட்டுப் போயிடுறார். எப்படி நுழைஞ்சுச்சுன்னு விளக்கல. உப்பைச் சம்பளமா குடுத்தாங்கன்னும் சொல்லல. பின்னாடி வந்த அகராதிக்காரங்க அதை உப்பு வாங்கக் குடுத்த காசுன்னு எழுதினாங்க, அது நியாயமான ஊகம், செருப்புக் காசு ஆணிக் காசோட பொருந்துது. அதுக்கும் பின்னாடி வந்தவங்க "வாங்க", "காசு"ங்கிற ரெண்டு வார்த்தையையும் தூக்கிட்டாங்க, மிச்சம் இருந்தது உப்பு. ஃபார்வர்டு ரெடி.

சோல்ஜரும் சம்பளமும்

இதோட தம்பி ஒரு ஃபார்வர்டு இருக்கு, சோல்ஜர்ங்கிற வார்த்தையும் உப்புல இருந்துதான் வந்துச்சாம். கிடையாது. அது ஸாலிடுஸ்ங்கிற தங்கக் காசோட பேர்ல இருந்து வந்தது. கான்ஸ்டன்டைன்ங்கிற பேரரசர் 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அடிச்ச காசு, ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்துல 72 காசு. ஸாலிடுஸ்னா கெட்டியானது, நாம சாலிடுன்னு சொல்றோமே அதே. அந்தக் காசுப் பேரு பழைய பிரெஞ்சுல சம்பளம்னு ஆச்சு, சம்பளத்துக்குச் சண்டை போடுறவன் சோல்ஜர் ஆனான். ஆக அந்த வார்த்தைக்குள்ள இருக்குறது உப்பு இல்ல, துட்டு.

காது கேட்ட சத்தத்தை வச்சு, அர்த்தம் பொருந்துற மாதிரி ஜனங்களே கட்டிக்கிற இந்த மாதிரிக் கதைக்குப் பேரு நாட்டார் சொற்பிறப்பு. கேக்க இனிப்பா இருக்கும், அதுதான் அதோட பலமே.

நம்ம ஊர்லயும் அச்சா இதே கதை உண்டு. சம்பா நெல்லும் அளம்ங்கிற உப்பும் கூலியா குடுத்தாங்க, சம்பா கூட்டல் அளம், சம்பளம். பத்தாங்கிளாஸ் தமிழ் மிஸ்ல இருந்து பட்டிமன்றம் வரைக்கும் சொல்றாங்க, நானும் பல வருஷம் நம்பினேன், கூட ரெண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கேன். ஆனா இதே வார்த்தை கன்னடத்துலயும் மலையாளத்துலயும் இருக்கு, சமஸ்கிருதத்துல சம்பலன்னா வழிப்பயணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற கட்டுச்சோறு. யாரு யாருகிட்ட வாங்கினாங்கங்கிற சண்டை ஒரு பக்கம் கெடக்கட்டும், இத்தனை மொழியில ஓடுற சொல்லைத் தமிழ்ல மட்டும் சத்தத்தை வச்சு ரெண்டாப் பிளந்து நெல்லையும் உப்பையும் எடுத்தா, அது ஆதாரம் ஆகாது, கெட்டிக்காரத்தனம்தான்.

இதுல வேடிக்கை என்னன்னா நெல்லுக்கும் உப்புக்கும் நம்மகிட்ட நிஜமாவே பழைய ஆதாரம் இருக்கு, அதைத்தான் யாரும் ஸ்லைடுல போட மாட்டாங்க. அகநானூறுல உப்பு விக்குற பொண்ணு தெருத் தெருவா "நெல்லும் உப்பும் நேரே"ன்னு கூவிக்கிட்டுப் போறா, அதாவது நெல்லு எவ்வளவு குடுக்குறீங்களோ அவ்வளவு உப்பு. டயோக்ளீஷியன் பட்டியல்ல கோதுமையும் உப்பும் ஒரே விலைன்னு பாத்தப்ப எனக்கு இந்தப் பாட்டுதான் டக்குன்னு ஞாபகம் வந்துச்சு. ஆனா அவ பண்றது பண்டமாற்று வியாபாரம், யாருக்கும் சம்பளம் குடுக்கல.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு நாம சொல்றோம், பைபிள்ல எஸ்றா புத்தகத்துல அதிகாரிங்க பாரசீக ராஜாவுக்கு எழுதும்போது நாங்க அரமனை உப்பைத் தின்னவங்கன்னு சொல்றாங்க. அங்க உப்புன்னா சாப்பாடு, சாப்பாடுன்னா விசுவாசம். இந்த உணர்ச்சி எல்லா ஊர்லயும் பழசு, அதனாலதான் உப்புச் சம்பளக் கதை கேட்ட ஒடனே மனசு சரின்னு தலையாட்டிடுது.

ரோம்ல இருந்து லண்டனுக்கு

இப்ப வார்த்தை எப்படி நடந்துச்சுன்னு பாப்போம். ரோமானிய ஆட்சி போன பிறகும் இப்ப பிரான்ஸ்னு சொல்ற நாட்டுல ஜனங்க லத்தீன்தான் பேசினாங்க, பேசப் பேச அது தேஞ்சு தேஞ்சு பிரெஞ்சு ஆச்சு. தேயுறதுன்னா கண்டபடி இல்ல, ஒரு ஒழுங்கோட. நாம எழுதுறது காற்று, சொல்றது காத்து. நேற்று நேத்து ஆச்சு, கற்றுக்கொள் கத்துக்கோ ஆச்சு. ரெண்டு ற சேர்ந்து வந்தா த்த, ஆனா ஆறு ஆறாவேதான் இருக்கு, ஒத்த ற மாறல. இந்த மாதிரி ஒரு குறிப்பிட்ட இடத்துல மட்டும் ஒழுங்கா நடக்குறதுக்குப் பேரு ஒலி மாற்றம்.

பழைய பிரெஞ்சுல நடந்த ஒண்ணு: ல் சத்தத்துக்குப் பின்னாடி இன்னொரு மெய்யெழுத்து வந்தா அந்த ல் தேஞ்சு உ ஆயிடும், பின்னாடி உயிரெழுத்து வந்தா அப்படியே நிக்கும். உப்பு போட்டதுன்னு லத்தீன்ல ஸல்ஸா. ல்லுக்குப் பின்னாடி ஸ இருக்கு, அதனால ல் கரைஞ்சு ஸவுஸ் மாதிரி ஆச்சு, அதுதான் நாம ஃபிரைட் ரைஸ் மேல ஊத்துற சாஸ். சாசேஜும் அதே வழிதான், உப்புப் போட்ட கறி. ஆனா ஸலாரியத்துல ல்லுக்குப் பின்னாடி ஆ இருக்கு, உயிர், அதனால ல் தப்பிச்சுது, இன்னிக்கும் சேலரியில நமக்கு ல கேக்குது. சாலட்லயும் ல நிக்குது, அது உப்புப் போட்ட இலை தழைன்னு பொருள்படுற சொல்லு. ஆக சாஸ், சாசேஜ், சாலட், சேலரி நாலும் ஒரு வீட்டுப் புள்ளைங்க.

இங்க ஒரு இடத்துல நிறைய பேர் வழுக்குவாங்க. இங்கிலீஷ் சால்ட் இந்த வீட்டுப் புள்ளை இல்ல. சேலரி சால்ட்ல இருந்து வந்துச்சுன்னு ஸ்லைடுல போட்டிருந்தாரே, அது தப்பு. சால்ட் இங்கிலீஷோட சொந்தச் சொல்லு, ஆங்கிலேயர்கிட்ட ஆரம்பத்துல இருந்தே இருக்கு. லத்தீன் ஸாலும் இங்கிலீஷ் சால்ட்டும் அதுக்கும் ரொம்ப முந்தின ஒரு மூல மொழியில இருந்து தனித்தனியா எறங்கினது, பெரியப்பா புள்ளையும் சித்தப்பா புள்ளையும் மாதிரி. பெரியப்பா புள்ளையோட பொண்ணு கல்யாணம் பண்ணி அந்த ஊருக்கே வந்து சேர்ந்ததுதான் சேலரி. சல்யூட், சேல், சலூன் எல்லாத்துக்கும் காதுல ஸல் கேக்கும், ஆனா உப்புக்கும் அதுங்களுக்கும் ஒட்டு இல்ல உறவு இல்ல. சல்யூட்டோட வேரு ஆரோக்கியம், சேல் ஜெர்மானியப் பக்கம், சலூன் பெரிய ஹாலைக் குறிக்கிற சொல்லு.

கல்யாணம் நடந்தது 1066க்கு அப்புறம். பிரான்ஸோட வடக்குக் கரையில இருந்த நார்மண்டியில இருந்து வில்லியம் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடிச்சார். அதுக்கப்புறம் முந்நூறு வருஷத்துக்கு கோர்ட்டு, வரி, பண்ணைக் கணக்கு, அரண்மனை எல்லாம் பிரெஞ்சும் லத்தீனும்தான், வயல்ல வேலை பாக்குறவன் மட்டும் இங்கிலீஷ் பேசினான். கூலிக்கு அவன்கிட்ட ஏற்கனவே சொந்தச் சொல்லு இருந்துச்சு, இன்னிக்கு வாடகைக்கு எடுக்குறதுக்குச் சொல்றோமே ஹயர், அது அப்ப கூலிதான். ஆனா கணக்கு நோட்டு எழுதுறவன் எந்த மொழியில எழுதுறானோ அந்த மொழிச் சொல்லுதான் பணத்துக்கு நிக்கும், இதை நான் அனுபவத்துல சொல்றேன், எங்க ஆபீஸ்ல தமிழ் பேசாத ஆளே இல்ல, ஆனா யாரும் பிடித்தம்னு சொல்ல மாட்டாங்க, டிடக்ஷன்தான். அப்படி நார்மன் கணக்குப்பிள்ளைங்க எழுதின ஸலாரி 14ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ளயே வந்து உக்காந்துருச்சு.

இங்கிலீஷ்ல அந்தச் சொல்லு எழுத்துல வர்ற ரொம்பப் பழைய இடங்கள்ல ஒண்ணு 1370கள் வாக்குல லாங்லண்ட் எழுதின பியர்ஸ் பிளவ்மேன்ங்கிற நீளக் கவிதை. அதுல சோம்பேறித்தனம் ஒரு ஆளா வந்து நின்னு தன்னோட பாவத்தை எல்லாம் ஒவ்வொண்ணா ஒப்புக்கும். கடன் வாங்கினா மறந்துடுவேன், கேட்டா சத்தியம் பண்ணிடுவேன்னு சொல்லிக்கிட்டே வந்து, நடுவுல என் வேலைக்காரங்களுக்கு அப்பப்ப ஸலாரி பாக்கி விழுந்துடும், கணக்கு வாசிக்கிறப்ப கேக்கவே பாவமா இருக்கும்னு ஒரு வரி சொல்லும்.

உப்பு இல்ல, மூட்டை இல்ல. அறுநூத்தம்பது வருஷம் முன்னாடி, சம்பளம் லேட்டு. அடுத்த டிரெய்னிங்குக்கு என்னைக் கூப்பிட்டா முதல் ஸ்லைடுல இதைத்தான் போடப் போறேன், ஆனா போன மாச ஓவர்டைம் பாக்கி இன்னும் எங்க ஆளுங்களுக்கு ஏறல, அதனால கூப்பிடுவாங்களான்னு தெரியல.